அவள் குரலில் பாடி வந்தவள்

எங்கள் ஏழு பேருக்கும் ஒரே மாதிரி பனியன் கிடைத்தது புயலால்தான். பேராவூரணிக்குத் தெற்கே இருக்கிற எங்கள் ஊரில் தென்னையெல்லாம் சாய்ந்து, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் கிடந்தபோது, எங்கிருந்தோ ஒரு லாரி வந்து பள்ளிக்கூட வாசலில் துணி மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனது. பெரியவர்கள் போர்வைக்கும் புடவைக்கும் முண்டியடித்தார்கள். ஒரு மூட்டையில் மட்டும் நெஞ்சில் மஞ்சள் மின்னல் போட்ட கறுப்புப் பனியன்கள் கட்டுப் பிரிக்காமல் இருந்தன. எந்தக் கம்பெனியிலோ விற்காமல் மிஞ்சியவை போல. ஒருத்தரும் சீந்தவில்லை. நாங்கள் எடுத்துக்கொண்டோம். அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தோம்.

அதைப் போட்டுக்கொண்டு கபடி ஆட ஆரம்பித்ததும் பையன்கள், "சூப்பர் ஹீரோங்க வர்றாங்கடா, வழி விடுங்கடா" என்று கத்துவார்கள். கிண்டல்தான். எங்கள் கேப்டன் அதைக் கிண்டலாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

"சரி, அப்படியே இருப்போம். ஆளுக்கு ஒரு பவர் வேணும்" என்றாள். உயரமாக இருந்தவளுக்குத் தாவுகிற சக்தி. டீக்கடைக்காரர் மகளுக்கு வேகம். எனக்குப் பிடி. என் கையில் கணுக்கால் சிக்கினால் ஆனையாலும் உருவ முடியாது என்று அவளே ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். அவளுடைய சக்தி என்ன என்று கேட்டதற்கு, "எனக்கு மூச்சு" என்றாள்.

அது உண்மை. கபடி கபடி என்று சொல்லிக்கொண்டே எதிர்ப்பக்கம் நுழைவதை எங்கள் ஊரில் பாடிப் போவது என்பார்கள். மற்றவர்கள் பாடினால் கத்துவது போல இருக்கும். கேப்டன் பாடுவது தொட்டில் ஆட்டுகிறவள் முனகுவது போலத் தாழ்வாகத் தொடங்கும். சொற்களுக்கு நடுவில் இடைவெளியே கேட்காது. கேட்டுக்கொண்டே நின்றால் கை கால் தளர்ந்துவிடும். தளர்ந்த நேரத்தில் அவள் தொட்டுவிட்டுப் போயிருப்பாள்.

நாங்கள் பழகியது சாய்ந்த தென்னைகளை வெட்டி அப்புறப்படுத்திய ஒரு தோப்பில். உரிமையாளர் மறுபடி கன்று வைக்கவில்லை, ஆடிக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். கேப்டனின் அம்மா வேலை பார்த்த நார் மில்லிலிருந்து தேங்காய் நார்த்தூளை டிராக்டரில் கொண்டுவந்து பரப்பினோம். விழுந்தால் முட்டி தேயாது. ஆனால் மழை பெய்தால் அந்தத் தூள் தண்ணீரைக் குடித்துவிட்டு நாள்கணக்கில் காயாது. ஈரத்தில் ஆடுவோம். உடம்பெல்லாம் செம்பழுப்பாகி வீட்டுக்குப் போவோம்.

ஒரு தடவை பட்டுக்கோட்டை டவுன் பஸ்ஸில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியை ஒரு ஆள் உரசிக்கொண்டே வந்திருக்கிறான். அவள் வந்து அழுதாள். மறுநாள் நாங்கள் ஏழு பேரும் பனியனோடு அதே பஸ்ஸில் ஏறி அவனைச் சுற்றி நின்றுகொண்டோம். ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டன் மட்டும் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக "கபடி கபடி கபடி" என்று பாட ஆரம்பித்தாள். அவன் அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டான். கண்டக்டர், "ஏம்மா, டிக்கெட்டு வாங்குனது எதுவரைக்கும்மா?" என்றார். "இங்கதாங்க, அடுத்த ஸ்டாப்பு" என்று நாங்களும் இறங்கி வழியெல்லாம் சிரித்துக்கொண்டே நடந்து வந்தோம்.

பயிற்சியில் கேப்டனுக்கு எதிரே எப்போதும் நான்தான் நிற்பேன். டீக்கடைக்காரர் மகள் அவள் பக்கம். இரண்டு பேரும் இரட்டை மாடு மாதிரி, எங்கே போனாலும் சேர்ந்துதான் போவார்கள், ஒரே சைக்கிளில். எதிரே நின்றதால் எனக்கு மட்டும் ஒன்று தெரிந்தது. மூச்சு முடியப் போகிற கடைசி நொடியில் கேப்டனின் 'கபடி'யில் 'க' விழுந்துவிடும். "படி படி" என்று காற்றாக வரும். அது வந்த உடனே இடது காலைப் பின்னுக்கு இழுப்பாள். அந்தக் காலைத்தான் நான் பிடிப்பேன். எப்படிப் பிடிக்கிறாய் என்று அவள் பிடுங்கி எடுத்ததால் ஒருநாள் சொல்லிவிட்டேன்.

"படி படின்னு சொல்றடி. எங்கம்மா பரீட்சைக்குச் சொல்ற மாதிரி."

விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் வாயைப் பொத்தி, "வெளிய சொல்லிடாத. எவளாவது புடிச்சிடுவா" என்றாள். நான் சொல்லவில்லை.

பதினொன்றாம் வகுப்பில், மழைக்காலத்தில், பள்ளிகளுக்கிடையிலான போட்டி ஒன்று வந்தது. அன்று கேப்டனுக்குக் காய்ச்சல். டீக்கடைக்காரர் மகள் கடையிலிருந்து ஒரு மாத்திரை வாங்கிவந்து கொடுத்து, "ஒரே ஒரு மேட்ச்சுதான்டி, அப்பறம் போயி படுத்துக்க" என்றாள். கேப்டன் ஆடினாள், ஜெயித்தோம். அந்த வாரமே அவளைத் தஞ்சாவூருக்குக் கொண்டு போனார்கள். டெங்கு என்றார்கள். நாங்கள் பார்க்கப் போவதற்காகப் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தபோது, எதிர்த்திசையிலிருந்து ஆம்புலன்ஸ் ஊருக்குள் திரும்பியது. சைரன் போடவில்லை. அதனால் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு தோப்பில் நாங்கள் ஆறு பேராக நின்றோம். அவள் நிற்கிற இடத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. அப்படி நிற்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளவும் இல்லை, கால் தானாக விலகிக்கொண்டது. கோட்டுக்கு வெளியே காற்றில் கீற்று உரசினாலும் ஆறு பேரும் ஒரே சமயத்தில் திரும்புவோம். பிறகு ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஆட்டத்தைத் தொடருவோம்.

முப்பதாம் நாள் காரியம் முடியும் முன்பே இன்னொரு போட்டிக்கு அழைப்பு வந்தது. டீக்கடைக்காரர் மகள் போக வேண்டும் என்றாள்.

"அவ இருந்தா போகத்தான் சொல்லுவா. நீங்க யாரும் இல்லாட்டியும் நான் போறேன்."

உயரமானவள் அதுவரை பேசாமல் குனிந்து எல்லைக் கோட்டுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, "காய்ச்சலோட ஒருத்திய ஆட வெச்சுக் கொன்ன. இப்ப எங்களையுமா?" என்றாள்.

டீக்கடைக்காரர் மகள் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். இல்லை என்று யாராவது சொல்வோம் என்று எதிர்பார்த்திருப்பாள். ஒருவரும் சொல்லவில்லை. பனியனை அங்கேயே கழற்றி நார்த்தூளில் போட்டுவிட்டு, உள்ளே போட்டிருந்த பழைய சட்டையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாள். பின்பக்கக் கேரியர் காலியாக இருந்தது.

அடுத்த வருடம் அவள் டவுன் அணியில் ஆடினாள். அவளைப் போல ஒரு எதிரி எங்களுக்கு வேறு யாரும் இருந்திருக்க முடியாது. யாருக்கு எந்த முட்டியில் வலி, யார் எப்போது அவசரப்படுவாள், யார் திட்டினால் அழுதுவிடுவாள், எல்லாம் தெரியும். முதல் தடவை எதிரெதிரே வந்தபோது உயரமானவளின் வலது தோளையே குறிவைத்து இடித்தாள். அந்தத் தோள் ஏற்கனவே ஒரு முறை நழுவியது என்பது அவளுக்குத் தெரியும், கட்டுப்போடக் கூட்டிப் போனதே அவள்தான். மறுபடி நழுவியது. மைதானத்தில் கிடந்து அலறியவளைத் திரும்பிப் பார்க்காமல் அவள் தன் பக்கத்துக்கு நடந்து போனதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எங்களுக்கு அவள் பெயர் வாயில் வரவில்லை. 'அவ' என்றுதான் சொல்வோம்.

பொங்கலுக்கு மறுநாள், அதிராம்பட்டினம் சாலையில் ஒரு ஊரில் போட்டி. பெண்கள் ஆட்டத்தை வெயில் இருக்கும்போதே முடித்துவிட்டு, விளக்குப் போட்டதும் ஆண்கள் ஆட்டத்தை வைத்துக்கொள்வார்கள். எங்களோடு இப்போது புதிதாக மூன்று பெண்கள் ஆடினார்கள். ஒருத்தி கேப்டனின் தங்கை. அக்காவின் பனியனை இடுப்பில் தைத்துச் சின்னதாக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அவள் ஆடுவதைப் பார்க்க அவர்கள் அம்மாவும் வந்திருந்தார். மகள் போன பிறகு அவர் மைதானத்துப் பக்கம் வந்தது அன்றுதான். நான் அவரை அத்தை என்று கூப்பிடுவேன். கூட்டத்தில் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

எதிரே டவுன் அணி. முதலில் பாடி வந்தது 'அவ'தான்.

நடுக்கோட்டைத் தாண்டும்வரை வாயைத் திறக்காதது போல இருந்தது. பிறகு, தாழ்வாக, தொட்டில் ஆட்டுகிற முனகலாக, அது தொடங்கியது. கபடிகபடிகபடிகபடி. இடைவெளி இல்லாத அந்த இழுப்பு. அவள் குரல் இயல்பில் கரகரப்பானது. அது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கேப்டன்தான் பாடி வந்துகொண்டிருந்தாள்.

யாரும் நகரவில்லை. என் கையைப் பிடித்திருந்த தங்கையின் விரல்கள் மெல்ல நழுவின. "அக்கா" என்று முணுமுணுத்துக்கொண்டு அந்தக் குரலை நோக்கி இரண்டு எட்டு எடுத்து வைத்தாள். பாடி வந்தவள் தங்கையைத் தொட்டாள், அப்படியே பக்கத்தில் நின்றவளையும் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனாள். விசில் அடித்த பிறகும் நாங்கள் நின்ற இடத்திலேயே நின்றோம். கூட்டம் சிரித்தது. அவர்களுக்கு என்ன தெரியும்?

நான் அத்தையைப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

இடைவேளையில் தங்கை இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோளில் பட்டையோடு வெளியே உட்கார்ந்திருந்த உயரமானவள் எழுந்து என்னிடம் வந்தாள். "செத்தவள வெச்சு வெளையாடுறா. அவளுக்கெல்லாம் நெஞ்சுல ஈரம் இருக்கா? அடுத்த தடவ வந்தா காலப் புடிச்சு மடக்கு. எந்திரிக்கவே கூடாது."

தங்கை காதிலிருந்து கையை எடுத்தாள். "வேணாங்க்கா" என்றாள் என்னிடம். "அக்கா மாதிரியே இருக்கு. புடிக்காதீங்க. தோத்தாலும் பரவால்ல."

நான் தண்ணீர் பாட்டிலைத் தங்கை கையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

இரண்டாம் பாதியில் அவள் தன் சொந்தக் குரலிலேயே பாடினாள், கரகரவென்று, வேகமாக. எங்களுக்கு உயிர் வந்தது. ஒவ்வொரு புள்ளியாக எட்டிப் பிடித்தோம். கடைசியில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது அவள் மறுபடி வந்தாள். வெயில் சாய்ந்து மைதானத்தில் பாதி நிழலாகியிருந்தது. வலது ஓரத்தில் நான் நின்றேன். கரகரப்போடுதான் நுழைந்தாள். எங்களைச் சுற்றி ஒரு வளைவு வந்தாள். ஒருத்தியைத் தொட்டாள். திரும்பாமல் இன்னும் உள்ளே வந்தாள், இன்னொருத்தி வேண்டும் என்ற பேராசையில்.

அப்போது குரல் மாறியது.

அவள் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் தடவை செய்தபோது அவள் உதட்டோரத்தில் ஒரு ஏளனம் இருந்தது. இப்போது அது இல்லை. கண் எங்கள் யார் மீதும் இல்லை. தாழ்ந்த முனகல் நீண்டு நீண்டு வந்தது. அதன் நுனியில், 'க' விழுந்தது.

படி. படி. படி.

இடது கால் பின்னுக்கு வந்தது. யோசித்திருந்தால் பிடித்திருக்க மாட்டேன் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். கை யோசிக்கவில்லை. கணுக்கால் என் உள்ளங்கைக்குள் இருந்தது. அவள் கவிழ்ந்தாள், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள், நான் அடியில் அகப்பட்டேன். அவள் வாய் என் காதுக்குப் பக்கத்தில். பாட்டு நிற்கவில்லை. படி, படி, படி என்று அந்தக் காற்று என் காதுக்குள் வந்துகொண்டே இருந்தது. நடுவர் மண்டியிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அது நிற்கிறவரை நான் விடக் கூடாது. அதுதான் ஆட்டம். கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி அவள் கை மண்ணைப் பிறாண்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தேன். குரல் மெலிந்தது. ஒரு முறை வந்தது. இன்னொரு முறை, சத்தமில்லாமல் உதடு மட்டும் அசைந்து வந்தது. பிறகு வரவில்லை.

விசில் ஊதினார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம். எங்களில் ஒருத்தியும் கையைத் தூக்கவில்லை. தங்கை மைதானத்தின் நடுவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அக்கா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

மைதானத்தை ஒட்டியிருந்த கோயிலுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியில் நான் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது அவள் வந்து நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அப்போதுதான் பேசினோம்.

"மொத ரைடுல நான்தான் செஞ்சேன்" என்றாள். "உங்கள பயமுறுத்தத்தான். கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வந்தேன். என்னை அப்படிச் சொன்னீங்கல்ல, அனுபவிங்கன்னுதான் செஞ்சேன். ஆனா அத்த உக்காந்திருந்தத அப்பறந்தான் பாத்தேன். அதனால விட்டுட்டேன். கடைசி ரைடுல நான் செய்யல."

"பொய் சொல்லாத."

"செய்யலடி. எனக்கு மூச்சு முடிஞ்சு போச்சு. திரும்பணும்னு நெனச்சேன். அப்பறம் என் வாயில அது வருது. நான் கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்." தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "அந்த படி படின்னு வந்துச்சே, அது என்னது? அவ எப்பவும் அப்படிப் பாட மாட்டாளே."

நான் சொல்லவில்லை. அவள் எப்போதும் கேப்டனின் பக்கத்தில் நின்றவள். எதிரே நின்று அதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். மூச்சு தீர்ந்தால் யாருக்கும் 'க' விழத்தான் செய்யும், அது வாயும் காற்றும் செய்கிற வேலை. அதற்குப் பிறகு எத்தனையோ பேர் பாடுவதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன். சிலருக்கு 'டி' விழுகிறது. சிலருக்கு எல்லாம் சேர்ந்து மங்குகிறது. சிலருக்கு 'க' விழுவதும் உண்டு. இருந்தாலும் அன்று காதுக்குள் கேட்டது வேறு.

அத்தை எங்களைத் தேடிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டார். அடிக்கப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும், தலையைக் குனிந்துகொண்டாள். அத்தை அவள் கையைப் பிடித்தார்.

"வா, வீட்டுக்குப் போவோம். சாப்புட்டுட்டுப் போ" என்றார். என்னைப் பார்த்து, "நீயும்தான்" என்றார்.

ஷேர் ஆட்டோவில் தங்கையையும் சேர்த்து நாங்கள் நாலு பேரும் ஒருவர் மடியில் ஒருவராக நெருங்கி வந்தோம். வீட்டில் மீன் குழம்பு இருந்தது. அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அத்தை எதிரே உட்கார்ந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஒரே ஒரு தடவ செய்யிறியாம்மா? இங்க வெளியாளு யாரும் இல்ல. நான் கேக்கணும்."

அவள் முயற்சி செய்தாள். உண்மையாகவே செய்தாள். கரகரவென்று அவள் குரல்தான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். வரவில்லை. அழுகைதான் வந்தது.

"மாத்தர குடுத்தது நான்தான் அத்த. நான்தான் ஆடச் சொன்னேன்."

"நானுந்தான் குடுத்தேன்" என்றார் அத்தை. "காலைல கஞ்சி குடிச்சிட்டு அவ கெளம்பயில நானும் ஒரு மாத்தர குடுத்தேன். போவாதன்னு நானும் சொல்லல. மெடல் வாங்கிட்டு வந்தா காலேஜ்ல சீட்டு கெடைக்கும்னு நானுந்தானே நெனச்சேன். மாத்தரையா கொன்னுச்சு? சாப்புடு."

அவள் சாப்பிட்டாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் நடந்ததையெல்லாம் உயரமானவளிடம் போய்ச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். "அத்தை மன்னிச்சா அது அத்தையோட பெரிய மனசு. என் தோளு இன்னும் வலிக்குது" என்றாள். அவர்கள் இரண்டு பேரும் இன்றுவரை பேசிக்கொள்வதில்லை. உயரமானவளின் கல்யாணத்துக்கு அவளுக்குப் பத்திரிகை போகவில்லை. தங்கை அந்தப் போட்டிக்குப் பிறகு ஆட வரவே இல்லை. இப்போது விவசாயப் படிப்பு படிக்கிறாள், நன்றாகப் படிக்கிறாள். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் எங்கள் அணி தானாகக் கலைந்தது.

நான் தஞ்சாவூரில் பிசியோதெரபி படித்துவிட்டு அங்கேயே வேலை பார்க்கிறேன். டீக்கடைக்காரர் மகளுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சென்னையில் அரசு வேலை கிடைத்தது. பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் அத்தை வீட்டுக்கு வராமல் போக மாட்டாள். நானும் போவேன். அவளை மறுபடி தோழி என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. எதிரி என்று சொல்வதும் பொய்.

இந்த வருடமும் போயிருந்தோம். அத்தை சமையலறையில் வேலையாக இருந்தார். முன்னறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். அவள் முட்டி வலியைச் சொன்னாள், நான் அழுத்திப் பார்த்து என்ன பயிற்சி செய்ய வேண்டும் என்று சொன்னேன். அது முடிந்ததும் சென்னையில் வாடகை எவ்வளவு என்று கேட்டேன். அதுவும் முடிந்ததும் ரயிலில் கூட்டம் எப்படி என்று கேட்டேன். அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த கேள்வியைத் தயாராக வைத்திருந்தேன். பேச்சு நின்றால், அந்த அமைதியில் அவள் மூச்சு எனக்குக் கேட்கும், அதில் 'படி படி' வந்துவிடுமோ என்று. அவளும் அதே அவசரத்தில் பேசுகிறாள் என்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது. நான் என்ன கேட்டாலும் நீட்டி நீட்டிப் பதில் சொன்னாள். என் கண்ணைப் பார்க்கவில்லை.

உள்ளேயிருந்து அத்தை சிரித்தார். "என்னடி ரெண்டு பேரும், வாய் ஓயாம பேசிக்கிட்டே இருக்கீங்க?"